36 சதுர மைல், முப்பது பேர்: இது ஊரா, வெறும் கட்டமா?

மைல்கல்_மாரி:

ரெண்டு நாளா ஒரு கிறுக்கு வேலை பாத்துட்டு இருக்கேன். தூக்கம் வராதப்ப அமெரிக்காவுல வடக்கு டகோட்டா மாநிலத்து மேப்பைத் தொறந்து வச்சுக்கிட்டு ஒவ்வொரு டவுன்ஷிப்பா தட்டி மக்கள்தொகை எவ்ளோன்னு பாக்குறது. கொஞ்ச நேரத்துலயே தலை சுத்திருச்சு. எல்லாம் ஒரே அச்சுல வார்த்த மாதிரி இருக்கு, பரப்பு 36 சதுர மைலுக்கு அங்க இங்க கொஞ்சம் கூடக்குறைய, ஆளுங்க முப்பது, நாப்பது, சிலதுல பத்துகூட தேறல. 36 சதுர மைல்னா 93 சதுர கிலோமீட்டர்ங்க. அவ்ளோ எடத்துல இருக்கிறவங்க எல்லாரையும் கூட்டிட்டு வந்து உக்கார வச்சாலும் ஒரு பந்தி நிறையாது.

நம்ம பக்கம் டவுன்ஷிப்னா கம்பெனிக்காரன் கட்டிக்குடுத்த குவார்ட்டர்ஸ். அங்க அந்த வார்த்தைக்கு என்னதான் அர்த்தம்? ஏன் எல்லாம் சதுரமா இருக்கு? முப்பது பேருக்கு எதுக்குத் தனியா ஒரு பேரு, எல்லை, நிர்வாகம்? ஒரு காலத்துல ஜேஜேன்னு இருந்த ஊருங்க காலியாகி இப்படி ஆயிருச்சா? தெரிஞ்சவங்க சொல்லுங்கப்பா.

சங்கிலிக்காரன்:

மொதல்ல ஒண்ணை மனசுல இருந்து அழிச்சிருங்க மாரி, இது ஊரே இல்ல. ஊருன்னா மொதல்ல நாலு குடி வரும், கிணறு வெட்டும், அப்புறமாத்தான் எல்லைத் தகராறு வரும். இங்க தலைகீழ். மொதல்ல கோடு, அப்புறம்தான் ஆளு. யாரும் இல்லாத வெத்து நிலத்துல பேப்பர்ல கட்டம் போட்டுட்டு, அந்தக் கட்டத்துக்குள்ள வந்து குடியேறுங்கன்னு கூப்பிட்டாங்க.

1785 மே 20ல புதுசா உருவான அமெரிக்க அரசு ஒரு நிலச்சட்டம் போட்டுச்சு. அப்போ அவங்களுக்கு யுத்தக் கடன் கழுத்து வரைக்கும், மத்திய அரசுக்கு வரி போடுற அதிகாரமும் கிடையாது, கையில இருந்த ஒரே சொத்து மேற்கே கெடந்த நிலம்தான். விக்கணும்னா அளக்கணும் இல்லையா, அதனால 6 மைலுக்கு 6 மைல்னு சதுரம் சதுரமா வெட்டுனாங்க, அதுதான் டவுன்ஷிப். அதை 36 துண்டாக்குனா ஒவ்வொண்ணும் ஒரு சதுர மைல், 640 ஏக்கர், அதுக்குப் பேரு செக்‌ஷன். அளக்க ஆரம்பிச்ச எடம் ஒஹாயோ பென்சில்வேனியா எல்லையில, இப்போ ஈஸ்ட் லிவர்பூல்னு இருக்கிற ஊருகிட்ட, தாமஸ் ஹட்சின்ஸ்ங்கிறவரோட தலைமையில. கருவின்னு பாத்தா 66 அடி இரும்புச் சங்கிலி. அந்த 66 ஏதோ குருட்டாம்போக்குல வந்த நம்பர் இல்ல, 80 சங்கிலி நீளம் ஒரு மைல், 10 சதுரச் சங்கிலி ஒரு ஏக்கர், மைலும் ஏக்கரும் மிச்சம் விழாம ஒண்ணுக்குள்ள ஒண்ணு உக்காரும். என் பேரு எங்கேர்ந்து வந்துச்சுன்னு இப்போ தெரிஞ்சிருக்குமே.

நம்பர் போடுற விதம்தான் எனக்கு ரொம்பப் புடிச்சது. 1796ல வந்த முறைப்படி வடகிழக்கு மூலையில 1, அங்கேர்ந்து மேற்கே போயி 6, ஒரு படி கீழ எறங்கி 7, இப்போ கிழக்கே திரும்பி 12, மறுபடி எறங்கி மேற்கே. ஏர்ல பூட்டுன மாடு சால் ஓட்டி முடிச்சுட்டுத் திரும்பி வருமே, அச்சு அசல் அதே மாதிரி. கடைசி 36 தென்கிழக்கு மூலையில போய் நிக்கும். 16ஆவது செக்‌ஷன் பள்ளிக்கூடத்துக்குன்னு 1785லயே ஒதுக்குனது. 1889ல டகோட்டா மாநிலங்கள் உருவானப்ப 36ஐயும் சேத்துக் குடுத்தாங்க.

இது வரைக்கும் சொன்னது சர்வே டவுன்ஷிப், வெறும் அளவு. அதுமேல ஒரு நிர்வாகத்தை உக்கார வச்சா அது சிவில் டவுன்ஷிப், நீங்க தட்டித் தட்டி மக்கள்தொகை பாக்குறது இதைத்தான். வடக்கு டகோட்டால பெரும்பாலும் ரெண்டும் ஒரே சதுரத்துல வந்து விழுந்திருச்சு, பென்சில்வேனியா மாதிரி பழைய மாநிலங்களுக்குப் போனீங்கன்னா கோணல்மாணலா இருக்கும்.

குறுக்குக்கேள்வி:

//36 சதுர மைலுக்கு அங்க இங்க கொஞ்சம் கூடக்குறைய//

6 பெருக்கல் 6 சரியா 36 தானே வரணும். ஏன் 35.7, 36.2ன்னு வருது? சர்வேயர் சாப்பாட்டு நேரத்துல தூங்கிட்டாரா?

சங்கிலிக்காரன்:

தூங்குனவங்களும் உண்டு, அதை மறுக்கல. புல்லு ஆளுயரம், சதுப்பு, கொசு, இதுல சங்கிலியைப் புடிச்சுக்கிட்டு மைல் மைலா நடந்தவன் ரெண்டு கண்ணி விட்டிருப்பான்.

ஆனா அவன் சுத்தமா அளந்திருந்தாலும் சரியா வராது. பூமி உருண்டை, தீர்க்கரேகை எல்லாம் வடக்கே போகப் போக நெருங்கிக்கிட்டே வரும். வடக்கு டகோட்டா உயரத்துல, அதாவது 47 டிகிரி வாக்குல, ஒரு டவுன்ஷிப்போட வடக்குப் பக்கம் தெற்குப் பக்கத்தை விட சுமாரா 50 அடி குட்டை. நாலு டவுன்ஷிப் அடுக்கி வச்சா குறை 200 அடி. அதனால 24 மைலுக்கு ஒரு தடவை ஒரு திருத்தக்கோடு போட்டு, அங்கேர்ந்து மறுபடி முழு 6 மைல் அகலத்துல புதுசா ஆரம்பிப்பாங்க. டவுன்ஷிப்புக்குள்ள வர்ற கூடுதல் குறைச்சல் எல்லாத்தையும் வடக்கு ஓரம், மேற்கு ஓரம் செக்‌ஷன்கள் தலையில கட்டிருவாங்க. வடமேற்கு மூலையில இருக்கிற 6ஆவது செக்‌ஷன் பாவம், ரெண்டு பக்க அடியும் அதுக்குத்தான்.

ஃபார்கோவாசி:

ஓ இதுக்குத்தானா அது!! போன அக்டோபர்ல நானும் ரூம்மேட்டும் ஃபார்கோல இருந்து மேற்கே சும்மா வண்டி ஓட்டிட்டுப் போனோம், ஹைவே போரடிக்குதுன்னு ஒரு ஜல்லி ரோட்டுல எறங்கி வடக்கே புடிச்சோம், அரை மணி நேரமா ஸ்டியரிங்கைத் திருப்பவே இல்ல, ஒரு வளைவு இல்ல ஒரு மேடு இல்ல, அப்படியே கண்ணு சொருகிட்டு வந்துச்சு, திடீர்னு ரோடு முட்டுச்சந்து மாதிரி நின்னு போச்சு, முன்னாடி கோதுமை அறுத்த வயல். பிரேக்கை மிதிச்ச மிதியில பின்சீட்ல இருந்த சாப்பாட்டு டப்பா முன்னாடி வந்திருச்சு. பாத்தா ரோடு வலது பக்கம் ஒரு கொஞ்ச தூரம் போயி மறுபடி வடக்கே நேரா போகுது. ஆறு இல்ல, மலை இல்ல, யாரோட வீடும் இல்ல, அத்துவானக் காட்டுல எதுக்குடா இந்த வளைவுன்னு ரூம்மேட் கேட்டான், எவனாவது பெரிய மனுஷன் வயலா இருக்கும்னு சொன்னேன். பூமி உருண்டையா இருக்கிறதாலன்னு இப்போதான் தெரியுது.

மைல்கல்_மாரி:

பூமி உருண்டைங்கிறதை டப்பா விழுந்து தெரிஞ்சுக்கிட்ட மொத ஆள் நீங்கதான்.

சதுரம் புரிஞ்சிருச்சு சங்கிலி அண்ணே, நன்றி. இப்போ ஆளுங்க விஷயத்துக்கு வருவோம். கட்டம் போட்டு ஆளைக் கூப்பிட்டாங்க சரி, வந்தவங்க எங்க போனாங்க?

வரப்புவெட்டி:

நான் விவசாயம் படிச்சவன், கணக்கு வழியா சொல்றேன்.

1862ல லிங்கன் கையெழுத்துப் போட்ட ஹோம்ஸ்டெட் சட்டம். 160 ஏக்கர், அதாவது ஒரு செக்‌ஷன்ல கால்வாசி. அஞ்சு வருஷம் அங்கயே குடியிருந்து உழுதா நிலம் உங்களுது, பதிவுக்கட்டணம் மட்டும்தான். ஒரு டவுன்ஷிப்புல 36 செக்‌ஷன், செக்‌ஷனுக்கு நாலு கால்வாசி, ஆகமொத்தம் 144 குடும்பம். குடும்பத்துக்கு அஞ்சாறு பேருன்னு வைங்க, 700, 800 தலை. இது பேப்பர் கணக்கு, நெஜத்துல பள்ளிக்கூட நிலம் போகும், நார்தர்ன் பசிபிக் ரயில்வேக்கு 1864ல ஒத்தைப்படை நம்பர் செக்‌ஷனை எல்லாம் தூக்கிக் குடுத்தாங்களே அந்தப் பக்கத்துல பாதி போகும், அதையும் ரயில்வேக்காரன் வித்துட்டான்ங்கிறது வேற கதை. எப்படியோ, சட்டம் போட்டவன் மனசுல இருந்த படம் இதுதான், கண்ணுக்கெட்டுன தூரம் வரைக்கும் அரை மைலுக்கு ஒரு வீடு.

இந்த 160 ஏக்கர் எங்க இருந்து வந்துச்சுன்னு பாருங்க. ஒஹாயோ, இல்லினாய்ஸ் பக்கம் மழை தாராளம், அங்க குதிரையை வச்சு உழுற ஒரு குடும்பத்துக்கு 160 ஏக்கர் போதும், போதும்ங்கிறதை விட ஜாஸ்தி. அதே அளவைத் தூக்கிட்டு வந்து 100ஆவது தீர்க்கரேகைக்கு மேற்கே வச்சாங்க. அங்க வருஷத்துக்கு 20 இஞ்ச் மழை தாண்டுறதே அபூர்வம். 160 ஏக்கர் புல்லை மேய்ச்சு எத்தனை மாடு வளக்க முடியும்?

இதை அப்பவே ஒருத்தர் எழுதியும் குடுத்தாரு. ஜான் வெஸ்லி பவல், கொலராடோ ஆத்துல படகு விட்டவரு, ஒத்தைக் கை மனுஷன். 1878ல அரசாங்கத்துக்குக் குடுத்த அறிக்கையில, வறண்ட பூமியில மேய்ச்சலை நம்பி ஒரு குடும்பம் பொழைக்கணும்னா 2,560 ஏக்கர் வேணும்னு சொன்னாரு. அதாவது நாலு முழு செக்‌ஷன். இப்போ நீங்களே வகுத்துப் பாருங்க, 36ஐ நாலால வகுத்தா ஒம்போது. ஒரு டவுன்ஷிப்புக்கு ஒம்போதே குடும்பம்.

மாரி, நீங்க தட்டித் தட்டிப் பாத்த முப்பது பேரு எத்தனை வீடா இருக்கும்னு நெனைக்கிறீங்க?

மைல்கல்_மாரி:

பத்து, பன்னெண்டு வீடு. அடேங்கப்பா. ஒரு நிமிஷம் புல்லரிச்சிருச்சு.

வரப்புவெட்டி:

அதேதான். யாரும் அவரு பேச்சைக் கேக்கல, கேக்காமலே நூத்தம்பது வருஷத்துல நிலம் தானா அந்த எண்ணிக்கைக்கு வந்து உக்காந்துருச்சு. நடுவுல அரசாங்கமும் மெதுவா எறங்கி வந்துச்சு, 1909ல 320 ஏக்கர் குடுத்தாங்க, 1916ல மாடு வளக்குறவங்களுக்கு 640. ஆனா அதுக்குள்ள லேட்டாயிருச்சு. மொத உலக யுத்தம் முடிஞ்சு கோதுமை வெலை விழுந்துச்சு, 1930கள்ல வறட்சி, புழுதி, வெட்டுக்கிளி. டிராக்டர் வந்தப்புறம் பத்து ஆள் வேலையை ஒரு ஆள் பாத்துட்டான். இப்போ வடக்கு டகோட்டால ஒரு பண்ணையோட சராசரி 1,500 ஏக்கர் வாக்குல. டவுன்ஷிப்புக்கு 15 பண்ணைன்னு வருது.

குறுக்குக்கேள்வி:

அழகா கணக்கு போட்டுட்டீங்க, ஆனா இது கொஞ்சம் வசதியான கணக்கா தெரியுது. நிலத்துக்கு ஏத்த எண்ணிக்கைன்னு சொன்னா அங்க பள்ளிக்கூடம் மூடுனது, சர்ச் மூடுனது, மளிகைக்கடை மூடுனது எல்லாம் ஏதோ இயற்கை நியதி மாதிரி ஆயிருது. போனவங்க யாரும் நிலத்துக்கு ஏத்த கணக்கு வரட்டும்னு போகல, கடன்ல மூழ்கிப் போனாங்க. மாநிலமே காலியாகுதுன்னு நேரா சொல்லிட்டுப் போலாமே.

வரப்புவெட்டி:

கடன்ல போனாங்கங்கிறது நூத்துக்கு நூறு சரி. 160 ஏக்கரை நம்பி வந்தவனை ஏமாத்துனது அந்தச் சட்டம்தான்னு நானும் சொல்றேன், நியதின்னு எங்கயும் சொல்லல.

ஆனா மாநிலம் காலியாகுதுங்கிறது தப்பு. 1930ல வடக்கு டகோட்டா மக்கள்தொகை 6,80,845. 2010ல 6,72,591. எம்பது வருஷம் கழிச்சு ஏறக்குறைய அதே நம்பர்! ஆனா உள்ளுக்குள்ள எல்லாம் எடம் மாறிருச்சு, ஃபார்கோ மட்டும் 28,619ல இருந்து 1,05,549க்குப் போயிருக்கு. தட்டுல இருந்த சாதம் அப்படியே இருக்கு, ஒரு ஓரமா ஒதுக்கி வச்சாச்சு, அவ்ளோதான். 2020ல மாநிலம் 7,79,094ஐத் தொட்டுருச்சு, அதுக்குக் காரணம் எண்ணெய். மெக்கென்சி கவுண்டி (கவுண்டின்னா நம்ம மாவட்டம் மாதிரி) பத்தே வருஷத்துல 6,360ல இருந்து 14,704.

ஃபார்கோவாசி:

நான் இருக்கிற கட்டடமே அந்த ஓரம் ஒதுக்குன சாதம்தான் போல. பக்கத்து வீட்டுப் பெரியவரு ஒருத்தர், கோடையில மட்டும் பண்ணைக்குப் போவாரு, மத்தபடி இங்கதான். அவரு நிலத்தைப் பத்திச் சொல்றப்ப தெரு பேரோ ஊர் பேரோ சொல்லமாட்டாரு, செக்‌ஷன் 22ல வடகிழக்குக் கால்வாசின்னுதான் சொல்லுவாரு. மொதல்ல ஏதோ கோர்ட் கேஸ் நம்பர்னு நெனச்சேன்.

செம்மண்காடு:

இழை நல்லா போகுது, ஆனா மேல ஒரு வரி உறுத்திக்கிட்டே இருக்கு.

//யாரும் இல்லாத வெத்து நிலத்துல பேப்பர்ல கட்டம் போட்டுட்டு//

வெத்து நிலமா? மிசௌரி ஆத்தோரம் மாண்டன், ஹிடாட்சா, அரிகாரா மக்கள் மண் வீடு கட்டி ஊரா வாழ்ந்தாங்க, சோளமும் பீன்ஸும் பூசணியும் பயிர் பண்ணாங்க, மத்த கூட்டத்தோட வியாபாரம் பண்ணாங்க. 1837ல நீராவிப் படகுல வந்த பெரியம்மை மாண்டன் மக்கள்ல பெரும்பகுதியை சில மாசத்துல முடிச்சிருச்சு. சுத்தி இருந்த சமவெளி லக்கோட்டா, டகோட்டா மக்களோடது. ஒப்பந்தம் போட்டு, ஒப்பந்தத்தை மீறி, மறுபடி சுருக்கி, அப்புறம் அந்தச் சங்கிலி வந்துச்சு. அந்த மக்களுக்குன்னு ஒதுக்குன நிலத்தையும் விட்டு வைக்கல, 1887ல ஒரு சட்டம் போட்டு அதையும் 160 ஏக்கர் துண்டா வெட்டி ஆளாளுக்குக் குடுத்துட்டு மிச்சத்தை வெளியாளுக்கு வித்தாங்க.

அதோட முடிஞ்சுதா? 1953ல அதே மிசௌரி ஆத்துல கேரிசன் அணை கட்டி முடிச்சப்ப, அந்த மூணு மக்களுக்கும் ஒதுக்குன ஃபோர்ட் பெர்த்தோல்ட் ரிசர்வேஷன்ல ஆத்தோர நிலம் ஒன்றரை லட்சம் ஏக்கருக்கு மேல தண்ணிக்குள்ள போச்சு. இருந்ததுலயே வளமான மண்ணு அதுதான். அந்த ஏரிக்கு சக்ககவியான்னு பழங்குடிப் பொண்ணு பேரையே வச்சாங்க பாருங்க, அங்கதான் எனக்கு வயிறு எரியும். மேப்புல நீங்க தட்டுறப்ப சில கட்டத்துல ஆள் பூஜ்யம், பரப்புல பாதி தண்ணின்னு வருமே, அதுல சிலது இதுதான்.

சங்கிலிக்காரன்:

தப்பு என்மேல. வெத்து நிலம்னு எழுதியிருக்கக் கூடாது. சர்வேயருங்க புத்தியிலயே ஊறிப்போன சொல்லு அது, நானும் அதே வாயால சொல்லிட்டேன். பதிவை மாத்தல, உங்க பதில் புரியணும்ல, அப்படியே கெடக்கட்டும்.

மைல்கல்_மாரி:

செம்மண் சொன்னதும் ஒண்ணு ஞாபகம் வந்துச்சு. வடகிழக்குப் பக்கம் டெவில்ஸ் லேக் சுத்தி இருக்கிற கட்டங்கள்லயும் தண்ணிப் பரப்பு கன்னாபின்னான்னு இருக்கு, ஆனா அங்க அணை எதுவும் இல்லையே?

சங்கிலிக்காரன்:

அது வேற வகை. பனிப்பாறை நகந்து போனப்ப விட்டுட்டுப் போன பூமி அது, குண்டும் குழியுமா, தண்ணி வடிஞ்சு போக இயற்கையா வழி கெடையாது. அந்தத் தண்ணி எல்லாம் வந்து சேர்ற தொட்டிதான் டெவில்ஸ் லேக். 1993ல ஆரம்பிச்சு தொடர்ந்து ஈரமான வருஷங்களா வந்துச்சு, 2011க்குள்ள ஏரி மட்டம் 30 அடிக்கு மேல ஏறிருச்சு. சமவெளியில 30 அடின்னா சும்மாவா, 44 ஆயிரம் ஏக்கர் ஏரி 2 லட்சம் ஏக்கரைத் தாண்டிருச்சு. ரோடு மூழ்கி, களஞ்சியம் மூழ்கி, சர்ச்சஸ் ஃபெரிங்கிற குட்டி ஊர்ல பெரும்பாலான வீட்டை அரசாங்கமே வாங்கிக்கிட்டு ஆளை வெளிய அனுப்பிருச்சு. கட்டத்தோட கோடு மட்டும் அப்படியே இருக்கு, தண்ணிக்கு அடியில. செக்‌ஷன் நம்பருக்கு நீச்சல் தெரியாதுல்ல.

எண்ணும்எழுத்தும்:

லேட்டா வர்றேன், மன்னிக்கணும். நான் டேட்டா வேலை பாக்குறவன், மாரி பாக்குற நம்பரைப் பத்தியே ஒரு குண்டு போடணும்.

2020 சென்சஸ்ல டவுன்ஷிப்புக்கு 14 பேருன்னு போட்டிருந்தா அங்க 14 பேர் இருக்காங்கன்னு அர்த்தம் இல்ல. வேணும்னேதான் நம்பரைக் கொஞ்சம் கலைச்சு விட்டிருக்காங்க. காரணம், பத்துப் பேர் இருக்கிற எடத்துல வயசு, இனம், வீட்டு விவரம்னு டேபிள் டேபிளா போட்டா யாரு யாருன்னு பக்கத்து பண்ணைக்காரன் விரல் விட்டுச் சொல்லிருவான், தனித்தகவலை வெளிய விடக்கூடாதுன்னு சட்டம் இருக்கு. அதனால மாநில மொத்தத்தை மட்டும் எண்ணுனது எண்ணுனபடியே விட்டுட்டு, அதுக்குக் கீழ கவுண்டி, டவுன்ஷிப், பிளாக் எல்லாத்துலயும் கணக்குப்படி கொஞ்சம் கூட்டிக் குறைச்சு வெளியிட்டாங்க. பெரிய எடத்துல இது தெரியவே தெரியாது, ஃபார்கோல ரெண்டு பேர் கூடுனா என்ன குறைஞ்சா என்ன. 14 பேர் இருக்கிற எடத்துல ரெண்டு பேருங்கிறது ஏழுல ஒரு பங்கு.

இதுல பேர் வாங்குனது நெப்ராஸ்காவுல மோனோவி. டவுன்ஷிப் இல்ல, சின்ன கிராமம், ஆனா கதை இங்க பொருந்தும். ஒரே ஒரு அம்மா மட்டும் இருக்காங்க, அவங்கதான் மேயர், அவங்கதான் லைப்ரரி, அவங்கதான் ஓட்டல். 2010ல மக்கள்தொகை 1. 2020ல சென்சஸ் 2ன்னு போட்டிருச்சு. கூட இருக்கிற அந்த இன்னொரு ஆள் யாருன்னு அந்தம்மாவுக்கே தெரியல, ஏன்னா அப்படி ஒரு ஆளே கிடையாது. அந்த ரெண்டாவது ஆள் ஒரு கணித ஆவி!

குறுக்குக்கேள்வி:

அப்போ அந்தம்மாவுக்கு 100 சதவீத மக்கள்தொகை வளர்ச்சி. அமெரிக்காவுலயே வேகமா வளர்ற ஊர்னு போர்டு வைக்கலாம்.

மைல்கல்_மாரி:

நான் ராத்திரி ரெண்டு மணிக்கு, 11ல இருந்து 8 ஆயிருச்சே ஐயோ யாரு போயிட்டாங்களோன்னு கவலைப்பட்டதெல்லாம் வீணா!

எண்ணும்எழுத்தும்:

வீண் இல்ல, ஒத்தைக் கட்டத்தைப் பாக்காம பக்கத்துல பக்கத்துல இருக்கிறதைக் கூட்டிப் பாருங்க. கூட்டக் கூட்ட அந்தக் கலக்கல் ஒண்ணை ஒண்ணு அடிச்சுக்கும். கவுண்டி அளவுக்கு வந்துட்டா தைரியமா நம்பலாம். தென்மேற்கு மூலையில ஸ்லோப் கவுண்டியை எடுத்துக்கோங்க, 1,219 சதுர மைல், 2020ல 706 பேர். நூறு வருஷத்துக்கு முன்னாடி அதே எடத்துல 5 ஆயிரத்தை நெருங்கி இருந்தாங்க. சதுர மைலுக்கு இப்போ 0.6 கூட இல்ல. 1890 சென்சஸ்ல குடியேற்ற எல்லைக்கோடு முடிஞ்சு போச்சுன்னு அறிவிச்சாங்க, அப்போ அவங்க வச்ச அளவுகோல் சதுர மைலுக்கு 2 பேர். அந்த அளவுகோலை வச்சா, 72 பேருக்குக் கீழ இருக்கிற எந்த முழு டவுன்ஷிப்பும் இன்னும் எல்லைக்கு வெளியதான்.

இன்னொண்ணு, வருமானம், சராசரி வயசுன்னு ஏதாவது போட்டிருந்தா அதைப் பாக்கவே பாக்காதீங்க. அது முழுக்க எண்ணுனது இல்ல, சாம்பிள் எடுத்து அஞ்சு வருஷத்தை ஒண்ணா கலக்குன மதிப்பீடு. முப்பது பேர் இருக்கிற எடத்துல சாம்பிள்ல ரெண்டு வீடு மாட்டுனா அந்த ரெண்டு வீட்டுக் கதைதான் டவுன்ஷிப் கதை.

மைல்கல்_மாரி:

ஒரே ஒரு சந்தேகம் மிச்சம். தெற்கு டகோட்டா பக்கம் எறங்குனேன். சுத்தி எல்லாம் இருவது, முப்பதுன்னு இருக்கு, நடுவுல ஒரு கட்டம் மட்டும் நூத்துக்கு மேல, அதுலயும் பாதிக்குப் பாதி சின்னப் பசங்க. ஊர் எதுவும் இல்ல, சாட்டிலைட்ல பாத்தா நீள நீளமா கட்டடம். இதுவும் கலக்குன நம்பரா?

வரப்புவெட்டி:

இல்ல, அது நெஜ ஆளுங்க. அனேகமா ஹட்டரைட் காலனியா இருக்கும். ஜெர்மன் பேசுற கிறிஸ்தவ சமூகம், ரஷ்யப் பேரரசுல இருந்து 1874ல டகோட்டாவுக்கு வந்தவங்க. சொத்து எல்லாம் பொது, சமையல் பொது, ஒரே பண்ணையா பெருசா விவசாயம், நீங்க பாத்த நீளக் கட்டடம் குடியிருப்பும் பன்றி, கோழிக் கொட்டகையுமா இருக்கும். நிறைய குழந்தைங்க. ஒரு காலனி 120, 150 பேரைத் தொட்டுச்சுன்னா ரெண்டா பிரிஞ்சு பாதிப் பேர் புது நிலத்துக்குப் போயிருவாங்க. அதனால ஒரு சென்சஸ்ல 130 இருந்த கட்டம் அடுத்ததுல 70 ஆகலாம், பஞ்சம் வந்துச்சுன்னு நெனச்சுறாதீங்க, தேன்கூடு பிரியுற மாதிரிதான்.

குறுக்குக்கேள்வி:

மாரியோட மொத கேள்வி ஒண்ணு அந்தரத்துல நிக்குது. முப்பது பேருக்கு எதுக்குத் தனி நிர்வாகம்?

சங்கிலிக்காரன்:

ஒரே வார்த்தையில சொன்னா ரோடு. வடக்கு டகோட்டால ஒவ்வொரு செக்‌ஷன் கோட்டுக்கும் ரெண்டு பக்கமும் 33 அடி பொதுவழின்னு சட்டம். 33ம் 33ம் எவ்ளோ? 66. மறுபடி நம்ம சங்கிலி. எல்லாக் கோட்டுலயும் ரோடு போட்டா, எல்லை ரோட்டைப் பக்கத்து டவுன்ஷிப்போட பாதி பங்கு பிரிச்சாலும், ஒரு டவுன்ஷிப்புக்கு 72 மைல் வரும். எல்லாக் கோட்டுலயும் போடலைங்கிறது வேற, பாதி போட்டிருந்தாலே தலைக்கு ஒரு மைல் ஆச்சு. ஜல்லி கொட்டணும், பனி தள்ளணும், மழையில அரிச்ச பாலத்தைப் பாக்கணும். மேற்பார்வையாளர் மூணு பேர், ஒரு கிளார்க், ஒரு பொருளாளர். மார்ச் மாசம் மூணாவது செவ்வாய்க்கிழமை வருஷக் கூட்டம், ஓட்டு இருக்கிற யாரும் வந்து கை தூக்கலாம்.

இருவது பேருக்குக் கீழ போனா என்ன ஆகும்னு யோசிங்க, பதவியே அஞ்சு. வயசானவங்களைக் கழிச்சா ஆள் தேறாது. அப்போ டவுன்ஷிப்பைக் கலைச்சுட்டு பொறுப்பைக் கவுண்டிகிட்ட குடுத்துருவாங்க. சென்சஸ்ல அந்த எடத்துக்கு அமைப்பில்லாத பகுதின்னு பேரு மாறிரும். உங்க மேப்புல சில எடத்துல சதுரமே காணாம பெரிய ஒரே பரப்பா வருதுல்ல, அதான்.

இதோட உச்சம் மெய்ன் மாநிலத்து வடக்குக் காடு. மாநிலத்துல பாதிக்கு மேல அமைப்பில்லாத பகுதி, மொத்தமே 9 ஆயிரம் பேர் கிட்டதான் இருக்காங்க. பல டவுன்ஷிப்புக்குப் பேரே வைக்கல, டி 5 ஆர் 8 வெல்ஸ்னு வெறும் சர்வே குறியீட்டோட நிக்குது. கட்டம் போட்டுக் காத்துக்கிட்டே இருக்காங்க, ஆள் வரவே இல்ல.

ஃபார்கோவாசி:

பக்கத்து வீட்டுப் பெரியவருகிட்ட இந்த இழையைப் பத்திச் சொன்னேன். உங்க நிலம் எந்த டவுன்ஷிப்னு கேட்டேன், சொன்னாரு. எத்தனை பேர் இருக்காங்கன்னு கேட்டதுக்கு விரல் விட்டு எண்ண ஆரம்பிச்சாரு, ஒவ்வொரு வீடா பேர் சொல்லி, நாய் பேரையும் சேத்து, 19ல வந்து நின்னாரு. சென்சஸ்ல பாத்தா 23.

மைல்கல்_மாரி:

நாலு கணித ஆவி.

எண்ணும்எழுத்தும்:

இல்ல ஃபார்கோ, ஏப்ரல் 1 அன்னிக்கு எங்க குடியிருந்தாங்கங்கிறதுதான் கணக்கு, அவரு எண்ணுனது இன்னைக்கு இருக்கிறவங்களை. நடுவுல யாராவது போயிருக்கலாம், காலேஜுக்குப் போன பசங்களை அவரு எண்ணிருக்கலாம், விட்டுமிருக்கலாம். அவரையே அவரு எண்ணுனாரான்னு கேளுங்க, கோடையில மட்டும்தானே அங்க இருக்காரு, சென்சஸ்படி அவரு ஃபார்கோ கணக்கு.

ஃபார்கோவாசி:

கேட்டேன். மொத ஆளா அவரைத்தான் எண்ணுனாராம்.